மஞ்சள் நீரும் கலெக்டர் கையெழுத்தும்

“உன்னை யாரு பெத்தா? தவிட்டுக்கு வாங்குனோம்!” அண்ணன் தம்பி சண்டை முற்றும்போது கடைசி ஆயுதமாக இந்த வாக்கியம் வந்து விழாத தமிழ் வீடு குறைவு. கேட்ட பிள்ளை அழுதுகொண்டே அடுப்படிக்கு ஓடும். அம்மா சிரிப்பாள். இந்தக் கேலிக்குப் பின்னால் கேலியே இல்லாத ஒரு சடங்கு இருக்கிறது. பிறந்த பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்துபோன வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் கிடத்துவார்கள். யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளை என்று சொல்லி அக்கம்பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி அதை எடுத்துக்கொள்வாள். பெற்றவள் அவளுக்குத் தவிட்டைக் கொடுத்து, தன் பிள்ளையைத் தானே விலைக்கு வாங்குவாள். இது இன்னாருக்குப் பிறந்தது என்று எமனுக்குத் தெரியக்கூடாதாம். தவிட்டான், குப்பன், குப்பாயி, பிச்சை என்ற பெயர்களில் பல இப்படி எமனை ஏமாற்றுவதற்காக வைத்தவை.

திருச்செந்தூரிலும் இன்னும் பல முருகன் கோயில்களிலும் இதன் உறவுச் சடங்கு ஒன்று இன்றும் நடக்கிறது. ஜாதகத்தில் கண்டம் இருக்கிறது என்று சோதிடர் சொன்னால், பிள்ளையைச் சாமிக்குத் தத்துக் கொடுத்துவிட்டுத் தாய்மாமனோ வேறு உறவினரோ விலை கொடுத்து மீட்டு வருவார்கள். ‘தத்து’ என்ற சொல்லுக்கே தமிழில் இரண்டு முகம். ‘மூணு வயசுல ஒரு தத்து இருக்கு’ என்றால் உயிருக்கு ஆபத்து என்று பொருள். ‘தத்துப் பிள்ளை’ என்றால் கொடுக்கப்பட்ட பிள்ளை. இந்தத் தத்து ‘தத்த’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. இரண்டுக்கும் வேர் வேறு வேறு. கோயில் வாசலில் மட்டும் அவை ஒன்றாகிவிடுகின்றன.

எமனுக்காக நடத்தும் நாடகத்தில் யார் வேண்டுமானாலும் குப்பைமேட்டுப் பிள்ளையை எடுத்துக்கொள்ளலாம். நிஜத்தில் அது நடக்காது. குப்பைமேட்டில் கிடைத்த பிள்ளையைச் சட்டப்படி மகனாக்கிக்கொள்ள இந்நாட்டில் 1962 வரை இந்துக்களுக்கு வழியே இல்லை. மற்ற மதத்தவர் இன்னும் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

கொடுப்பதற்கு ஆள் வேண்டும்

தமிழ் இலக்கியம் எடுத்து வளர்த்த பிள்ளைகளை நன்றாகவே அறியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் துளசிச் செடியின் கீழ் கிடைத்த பெண்ணைப் பெரியாழ்வார் மகளாக வளர்த்தார், அவள் ஆண்டாள். மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதை இவ்வளவு இனிமையானது அல்ல. வாரணாசியிலிருந்து குமரிக்குப் போகும் வழியில் சாலி என்ற பெண் ஒரு தோட்டத்தில் பிள்ளை பெற்று, அங்கேயே விட்டுவிட்டுப் போகிறாள். ஏழு நாள் ஒரு பசு பால் சுரந்து காக்கிறது. வயனங்கோட்டு இளம்பூதி என்ற அந்தணன் குழந்தையை எடுத்துப்போய்த் தன் பிள்ளை என்று சொல்லி வளர்க்கிறான், வேதம் கற்பிக்கிறான். வேள்விக்குக் கட்டிய பசுவை அந்தப் பையன் இரவோடு இரவாக அவிழ்த்துவிட்டபோதுதான் வினை வருகிறது. ஊரார் அவன் பிறப்பைத் தோண்டுகிறார்கள். வளர்த்த தகப்பனே வீட்டைவிட்டுத் துரத்துகிறான். மதுரைக்குப் போய் ஓடேந்திப் பிச்சையெடுத்து, அதையும் ஏழைகளோடு பகிர்ந்து உண்ணும் ஆபுத்திரன் கையில்தான் பின்னால் அமுதசுரபி வந்து சேர்கிறது.

மணிமேகலை பாடிய சாத்தனார் ஒரு சமூக விதியைச் சரியாகவே பதிவுசெய்திருக்கிறார். எடுத்து வளர்ப்பது வேறு, சுவீகாரம் செய்வது வேறு. வளர்ப்புப் பிள்ளைக்குச் சோறு உண்டு, அன்பு உண்டு, உரிமை கிடையாது. சுவீகாரப் பிள்ளைக்கு உரிமைதான் முதல். பெற்றவரின் கோத்திரத்திலிருந்து பெயர்ந்து வந்து, புதிய தகப்பனுக்குக் கொள்ளி வைத்து, பிண்டம் போட்டு, சொத்தையும் கடனையும் ஏற்பவன் அவன். இன்னார் மகன் என்று தெரிந்தால்தான் அவனை இன்னார் மகனாக மாற்ற முடியும்.

மனுஸ்மிருதி பன்னிரண்டு வகைப் புதல்வர்களைச் சொல்கிறது. தத்தன் அவர்களில் ஒருவன். பெற்றோர் கைவிட்டு, வேறொருவர் ஏற்ற பிள்ளைக்கும் அந்தப் பட்டியலில் இடமுண்டு. காலப்போக்கில் பட்டியல் சுருங்கியது. கலியுகத்துக்குத் தத்தன் மட்டும் போதும் என்று பிற்கால நூலோர் முடிவுகட்டினார்கள். காசியில் 17-ஆம் நூற்றாண்டில் நந்த பண்டிதர் எழுதிய ‘தத்தக மீமாம்சை’யும் ‘தத்தக சந்திரிகை’ என்ற இன்னொரு நூலும் இதற்குக் கைநூல்கள். 1821-இல் சதர்லாண்ட் என்ற ஆங்கிலேயர் இரண்டையும் மொழிபெயர்த்தார். அதன்பிறகு பண்டிதர்களின் விவாதத்தில் இருந்தவை நீதிமன்றத்தின் சட்டமாக இறுகிவிட்டன.

சடங்கின் மையம் எளிமையானது. வாங்குபவர் உறவினர்களைக் கூட்டிவைத்து, கொடுப்பவரிடம் போய்ப் பிள்ளையைத் தரும்படி கேட்க வேண்டும். பெற்றவர் தந்தேன் என்று வாய்விட்டுச் சொல்லி, பிள்ளையைத் தூக்கிக் கையில் கொடுக்க வேண்டும். வாங்கியவர் மடியில் இருத்தி உச்சி முகர்வார். புதுத் துணியும் காதணியும் போட்டு, அக்கினி வளர்த்து, தத்தஹோமம் செய்வார்கள். பிராமணர் அல்லாத பெரும்பாலோருக்கு ஹோமம் கட்டாயம் இல்லை. ஆனால் ‘தந்தேன், ஏற்றேன்’ என்று கைமாற்றும் அந்த ஒரு கணம் இல்லாவிட்டால் எவருக்கும் சுவீகாரம் இல்லை. பின்னாளில் வழக்கு என்று வந்தபோதெல்லாம் சாட்சிக் கூண்டில் வக்கீல்கள் துருவித் துருவிக் கேட்டது இதைத்தான். யார் தூக்கிக் கொடுத்தது? யார் மடி? எந்தத் திசை பார்த்து உட்கார்ந்தார்கள்?

கொடுக்கும் உரிமை தகப்பனுக்கு. அவன் இல்லாவிட்டால் தாய்க்கு. அண்ணன் கொடுக்க முடியாது, பாட்டி கொடுக்க முடியாது, ஊர் கொடுக்க முடியாது. அதனால்தான் அநாதையைத் தத்தெடுத்தால் செல்லாது என்று நீதிமன்றங்கள் சொல்லிவந்தன. கொடுப்பதற்கு ஆள் இல்லாத பிள்ளைக்கு, வாங்குவதற்கு ஆள் இருந்தும் பயனில்லை.

பத்து வயதுச் சிறுவனும் பன்னிரண்டு பண்டிதர்களும்

தஞ்சாவூர் மராத்திய மன்னர் துளஜாவுக்குப் பிள்ளைகள் தக்கவில்லை. 1787-இல் சாவுப் படுக்கையில் இருந்தவர், போன்ஸ்லே வம்சத்தின் கிளைக் குடும்பம் ஒன்றிலிருந்து பத்து வயதுப் பையனைச் சுவீகாரம் எடுத்தார். சில நாட்களில் இறந்தும் போனார். துளஜாவின் மாற்றாந்தாய்ச் சகோதரர் அமர்சிங் இந்தச் சுவீகாரமே தவறு என்றார். சென்னை கவர்னர் ஆர்ச்சிபால்ட் கேம்பல் பன்னிரண்டு பண்டிதர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார். பையன் அவனுடைய தகப்பனுக்கு ஒரே மகன். ஒற்றைப் பிள்ளையைக் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்பது வசிஷ்டர் விதி. வயதும் கடந்துவிட்டது. எனவே சுவீகாரம் செல்லாது என்று அவர்கள் சொல்ல, அமர்சிங் சிம்மாசனம் ஏறினார்.

அந்தப் பையன்தான் இரண்டாம் சரபோஜி. ஜெர்மானியப் பாதிரியார் ஷ்வார்ட்ஸ் அவரைத் தம் பொறுப்பில் ஏற்றுக் கல்வி புகட்டினார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விடாமல் எழுதினார். வேறு பண்டிதர்களைக் கம்பெனி கேட்டபோது, அதே சாத்திரத்திலிருந்து எதிரான பதில் வந்தது. 1798-இல் சரபோஜிக்கு அரியணை கிடைத்தது. மறு ஆண்டே ஓர் ஒப்பந்தத்தில் நாடு கம்பெனி வசம் போனது; கோட்டையும் பட்டமும் மட்டும் மிஞ்சின. மிஞ்சிய காலத்தில்தான் சரஸ்வதி மகால் நூலகம் பெருகியது. சாத்திரப்படி தகப்பன் துளஜா. வளர்த்தெடுத்த தகப்பனாகச் சரபோஜி போற்றியது ஷ்வார்ட்ஸை. சிற்பி ஃப்ளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்த பளிங்குச் சிற்பம் ஒன்று தஞ்சைக் கோட்டைத் தேவாலயத்தில் இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் பாதிரியாரின் கையைச் சரபோஜி பற்றியிருக்கும் காட்சி அது.

சரபோஜிக்குப் பதினோரு வருடத்தைத் தின்ற ‘ஒற்றைப் பிள்ளை’ விதி என்ன ஆயிற்று? சென்னை மாகாணத்தின் பலுசு குடும்ப வழக்கு ஒன்று லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. வசிஷ்டர் சொன்னது அறிவுரைதான், தடை அல்ல. ஒரே மகனைத் தத்துக் கொடுத்தாலும் செல்லும் என்று 1899-இல் தீர்ப்பாயிற்று.

இடைப்பட்ட காலத்தில் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி வந்துபோனார். ஆண் வாரிசில்லாத சமஸ்தானத்தில் தத்துப் பிள்ளைக்குத் தகப்பனின் தனிச்சொத்து போகலாம், ராஜ்யம் போகாது என்பது அவருடைய கொள்கை. 1848-இல் சதாரா, 1854-இல் ஜான்சியும் நாக்பூரும் இப்படி விழுந்தன. ஜான்சி ராணி லட்சுமிபாயின் மடியிலிருந்த தாமோதர் ராவ், 1853-இல் கணவர் கங்காதர ராவ் இறப்பதற்கு முதல்நாள் எடுத்த சுவீகாரப் பிள்ளை. 1857 கிளர்ச்சியின் அடிக்குப் பிறகுதான் அரசாங்கம் இறங்கிவந்தது. 1862-இல் வைஸ்ராய் கானிங், தத்தெடுக்கும் உரிமையை ஒப்புக்கொள்ளும் சாசனங்களைச் சமஸ்தானங்களுக்கு வழங்கினார்.

ராமநாதபுரத்து ராணி

சேது நாட்டின் வழக்கு அரியணையைப் பற்றியது அல்ல, ஜமீனைப் பற்றியது. ஆனால் தமிழ்நாட்டு விதவைகளின் உரிமையை அடுத்த ஒரு நூற்றாண்டுக்கு வரையறுத்தது அதுதான். ராமநாதபுரம் ஜமீன்தார் ராமசாமி சேதுபதி 1830-இல் காலமானார். பிற்பாடு ஜமீனை ஆண்ட அவர் மனைவி ராணி பர்வதவர்த்தினி நாச்சியார், 1847-இல் முத்துராமலிங்கம் என்ற சிறுவனைச் சுவீகாரம் எடுத்தார். கணவர் சாகும்முன் இதற்கு அனுமதி தந்தாரா என்பதே பிரச்சினை. 1862-இல் ராணியும் இறந்தபிறகு, சுவீகாரம் செல்லாது, ஜமீன் வாரிசில்லாச் சொத்தாக அரசைச் சேரும் என்று மதுரை கலெக்டர் தரப்பு வழக்காடியது.

கணவன் அனுமதியில்லாமல் பெண் பிள்ளையைக் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்று வசிஷ்டர் சொன்ன அதே ஒரு வரிக்கு, இந்தியா முழுவதும் நான்கு பொருள் இருந்தது. மிதிலையில் விதவை தத்தெடுக்கவே முடியாது. வங்காளத்தில் கணவன் உயிரோடு இருக்கும்போது அனுமதி தந்திருக்க வேண்டும். மராட்டியத்தில் யாரையும் கேட்கவேண்டியதில்லை. திராவிட தேசத்திலோ, கணவனின் பங்காளிகள் சம்மதித்தால் போதும் என்று 1868-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. ஏட்டில் உள்ள சாத்திரத்தைவிட, நிரூபிக்கப்பட்ட வழக்கமே மேலானது என்று நீதிபதிகள் அதே தீர்ப்பில் சொன்னதை இந்து சட்டப் பாடப்புத்தகங்கள் இன்றும் எடுத்துக்காட்டுகின்றன. ‘மதுரை கலெக்டர் எதிர் முத்துராமலிங்க சேதுபதி’ என்ற அந்த வழக்கில் கலெக்டர் தோற்றார்.

அந்த ஆண்டே முத்துராமலிங்க சேதுபதிக்கு ஒரு மகன் பிறந்தான். விவேகானந்தரைச் சிகாகோ போகத் தூண்டி, பொருளுதவியும் செய்த பாஸ்கர சேதுபதி அவர்தான். முத்துராமலிங்கத்தோடு பிறந்த அண்ணன் பொன்னுசாமித் தேவர் பிறந்த வீட்டிலேயே இருந்து, தம்பியின் ஜமீனை நிர்வகித்தார். அவர் மகன் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். ஒருவேளை பங்காளிகள் சம்மதம் போதாது என்று லண்டனில் நீதிபதிகள் சொல்லியிருந்தால், சேதுபதிகளின் கதை அன்றோடு முடிந்திருக்கும்.

வழக்கம் சாத்திரத்தை மீறிய இடம் இது மட்டும் அல்ல. தத்துப் பிள்ளை பெற்ற பிள்ளையின் சாயலாக இருக்க வேண்டும். எனவே அவன் தாய், வாங்குபவர் மணக்கத் தகாத உறவாக இருக்கக் கூடாது என்றது தத்தக மீமாம்சை. அப்படியானால் மகள் பிள்ளையும் அக்காள் பிள்ளையும் கூடாது. தெற்கே பிராமணர் வீடுகளில்கூட இவர்களைத்தான் முதலில் எடுத்தார்கள். சொந்தத்துக்குள் பெண் கொடுத்து வாங்கும் நாட்டில் மகள் பிள்ளையைவிட நெருக்கம் யார்? 1880-களில் சென்னை உயர் நீதிமன்றமும் இந்த வழக்கத்தை ஏற்றுக்கொண்டது.

பிள்ளை கூட்டுதல்

செட்டிநாட்டில் இதற்குச் சொல்லே வேறு. நகரத்தார் ‘பிள்ளை கூட்டுவார்கள்’. இளையாத்தங்குடி, மாத்தூர், வயிரவன்பட்டி என்று அவர்களுக்கு ஒன்பது நகரக் கோயில்கள். எந்தக் கோயிலைச் சேர்ந்தவரோ, அதே கோயிலின் பிள்ளையைத்தான் கூட்ட முடியும். கோயில் மாறினால் பங்காளி முறை குலைந்துவிடும். கைக்குழந்தையாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. வளர்ந்த ஆண், கல்யாணமானவர்கூட, மனைவியோடு வந்து புது வீட்டில் பிள்ளையாவார். கடலுக்கு அப்பால் பர்மாவிலும் மலாயாவிலும் பெட்டியடி வைத்திருந்த ஒரு சமூகத்துக்கு, கணக்குப் பார்க்கத் தெரிந்த வாரிசு தேவைப்பட்டதில் வியப்பில்லை.

தமிழர் பலருக்கும் பொதுவான அடையாளம் மஞ்சள் நீர். ‘மஞ்சள் நீர் குடித்த பிள்ளை’ என்றால் சுவீகாரப் பிள்ளை என்று பழைய தமிழ் அகராதிகள் பொருள் தருகின்றன. கடல் தாண்டி யாழ்ப்பாணத்திலும் இதே நீர்தான். டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707 வாக்கில் தொகுத்த தேசவழமைச் சட்டத்தில், உரித்துள்ள உறவினரின் சம்மதத்தோடும் மஞ்சள் நீரோடும் பிள்ளை எடுக்கும் முறை இடம்பெற்றிருக்கிறது. ஹோமம் இல்லை, மந்திரம் இல்லை. உறவு சாட்சி, நீர் சாட்சி. இலங்கையில் 1941-இல் தத்தெடுப்புக்குத் தனிச் சட்டம் வந்தபோது அந்த வழக்கம் ஏற்கெனவே மங்கிப்போயிருந்தது.

இத்தனை வழக்கிலும் தத்துப்போனது ஆண்பிள்ளைதான். பெண்ணைத் தத்தெடுத்த இடங்கள் இரண்டு. மருமக்கள் வழி ஆண்ட திருவிதாங்கூரில் வம்சம் பெண் வழியாக நீள்வதால், ராணிமார் இல்லாத தலைமுறையில் பெண்குழந்தைகளைத் தேடிப் போனார்கள். 1900-இல் மாவேலிக்கரையிலிருந்து தத்தெடுத்த சேது லட்சுமிபாய், சேது பார்வதிபாய் இருவரும் ஓவியர் ரவிவர்மாவின் பேத்திகள். முன்னவர் பின்னாளில் ஏழாண்டு அந்த நாட்டை ஆண்டார். அப்போது நாஞ்சில் நாடும் அதற்குள் அடக்கம்.

இன்னோர் இடம் தேவதாசியர் வீடு. அங்கே தாய்க்குப் பின் மகள். மகள் இல்லாதவர் ஒரு பெண்ணைத் தத்தெடுத்து ஆட்டமும் பாட்டும் சொல்லிக்கொடுத்தார். 1880-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் இது ஒழுக்கக்கேட்டுக்கான தத்து என்று நிராகரித்தது. சென்னை நீதிமன்றமோ கோயில் வழக்கம் என்று கருதி அங்கீகரிக்கும் பக்கம் சாய்ந்தது. அந்த அங்கீகாரத்தின் நிழலில் சிறுமிகள் விலைபோனதும் உண்டு. 1901-இல் அப்படித் தப்பியோடி வந்த ஒரு சிறுமியில் தொடங்கியதுதான் திருநெல்வேலிச் சீமையில் ஏமி கார்மைக்கேல் நடத்திய டோனாவூர் இல்லம். 1930-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அவ்வை இல்லத்துக்கும் இதேபோன்ற தொடக்கம்தான். 1947-இல் சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டுவதையே தடைசெய்தது.

இல்லத்துப் பிள்ளைகள்

1876–78 தாது வருடப் பஞ்சம் தமிழ்நாட்டுச் சாலைகளில் பிள்ளைகளைக் கொட்டிவிட்டுப் போனது. மிஷனரிகள் எடுத்து வளர்த்தார்கள். ஞானஸ்நானம் கிடைத்தது, பள்ளிக்கூடம் கிடைத்தது, சில ஊர்களில் தச்சுத் தொழிலும் தையலும் கிடைத்தன. கிடைக்காதது ‘இன்னார் மகன்’ என்ற பட்டம். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பார்சிகளுக்கும் சட்டம் தந்த அதிகபட்சம், 1890-இன் காப்பாளர் சட்டம். அதன்படி குழந்தைக்குக் காப்பாளர் ஆகலாம், பெற்றோர் ஆக முடியாது. வயது வந்த அன்று காப்பாளர் பொறுப்பும் முடிந்துவிடும். உயில் எழுதி வைக்காவிட்டால் வளர்த்தவர் சொத்தில் ஒரு காசுகூட உரிமையாக வராது.

சுதந்திரத்துக்குப் பின் அம்பேத்கரின் இந்து சட்டத் தொகுப்பு துண்டு துண்டாகத்தான் நிறைவேறியது. அதில் ஒரு துண்டு, 1956 டிசம்பரில் வந்த தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம். பெண்குழந்தையையும் தத்தெடுக்கலாம்; கணவன் இல்லாத பெண்ணும் தத்தெடுக்கலாம்; பங்காளி சம்மதம் வேண்டியதில்லை; பிண்டம் என்ற பேச்சே இல்லை. மனைவி உள்ளவர் அவள் சம்மதம் பெற வேண்டும். தத்துக்காகப் பணம் கைமாறினால் குற்றம். ‘கொடுத்தல், வாங்குதல்’ மட்டும் பழையபடி நின்றது. ஏற்கெனவே மகன் உள்ளவர் இன்னொரு மகனை எடுக்கக் கூடாது என்ற விதியில் பழைய வாரிசுக் கணக்கின் வாசனை இன்னும் அடிக்கிறது.

அடைபட்டிருந்த கதவு ஒன்று 1962-இல்தான் திறந்தது. அந்த ஆண்டின் திருத்தம், பெற்றோர் கைவிட்ட குழந்தையையும் பெற்றோர் யாரென்றே தெரியாத குழந்தையையும் அதன் காப்பாளர் நீதிமன்ற அனுமதியோடு தத்துக் கொடுக்கலாம் என்றது. இல்லத்தின் நிர்வாகி இப்போது ‘தந்தேன்’ என்று சொல்லலாம். ஆபுத்திரனுக்கு இல்லாத வசதி இது.

மதம் கடந்த பொதுச் சட்டம் ஒன்றுக்கான முயற்சி 1972-இல் மசோதாவாக வந்தது. முஸ்லிம் அமைப்புகள் எதிர்க்க, 1978-இல் திரும்பப் பெற்றார்கள். 1980-இல் முஸ்லிம்களை விலக்கி மறுபடி கொண்டுவந்தபோது பார்சிகள் எதிர்த்தார்கள். அதுவும் நின்றது.

அந்த இடைவெளியில் குழந்தைகள் வெளிநாட்டுக்குப் பறந்துகொண்டிருந்தார்கள். உள்ளூரில் கேட்பாரில்லாத குழந்தையை ஐரோப்பாவில் கேட்டார்கள். கேட்டவர்கள் கையில் பணம் இருந்தது. நடுவில் தரகு முளைத்தது. லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் இதுபற்றி உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்று, நீதிபதி பகவதி 1984-இல் விரிவான நெறிமுறைகளை வகுத்தார். முதலில் உள்நாட்டில் குடும்பம் தேட வேண்டும், கிடைக்காவிட்டால்தான் வெளிநாடு. பெற்ற தாய் மனம் மாற அவகாசம் தர வேண்டும். 1990-இல் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையமான ‘காரா’ அமைந்தது. இதற்குப் பிறகும் கறை நீங்கிவிடவில்லை. தெருவிலிருந்து கடத்திய குழந்தைகளைச் சென்னையின் ஒரு முகமை வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுத்த விவகாரம் 2005-இல் வெடித்தது.

தமிழ்நாட்டுக்குச் சொந்தமான அத்தியாயம் சேலத்தில் தொடங்குகிறது. உசிலம்பட்டிப் பக்கம் பெண்சிசுக்களை எருக்கம்பாலும் நெல்மணியும் கொடுத்துக் கொல்வதை 1986-இல் பத்திரிகைகள் வெளிக்கொண்டுவந்தன. 1992-இல் முதல்வர் ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதலில் சேலத்தில் தொடங்கினார். ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை, இல்லங்களின் வாசல் என்று தொட்டில் வைத்தார்கள். பெயர் சொல்ல வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம், போட்டுவிட்டுப் போகலாம். பெண்குழந்தையைக் கைகழுவுவதை அரசே சுலபமாக்குகிறது என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. தொட்டிலில் விழுந்தவை பெரும்பாலும் பெண்குழந்தைகள். சுவீகாரச் சாத்திரம் ஏறெடுத்தும் பார்க்காத, கொடுப்பதற்கு ஆளில்லாத பெண்கள். அவர்களைத் தேடி வரிசையில் தம்பதிகள் நின்றார்கள். இந்தியாவில் இப்போது பெரும்பாலான ஆண்டுகளில் ஆண்குழந்தைகளைவிடப் பெண்குழந்தைகளே அதிகம் தத்துப்போகிறார்கள்.

காத்திருக்கும் பெற்றோர்

மதத் தடையை உடைத்தது சிறார் நீதிச் சட்டம். 2000-இல் வந்த அதற்கு 2006-இல் செய்த திருத்தம், யார் வேண்டுமானாலும் தத்தெடுக்கலாம், தத்துப் பிள்ளை எல்லா வகையிலும் சொந்தப் பிள்ளையே என்றது. ஷப்னம் ஹஷ்மி தொடுத்த வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2015-இல் பதிவு முழுவதும் இணையத்துக்கு மாறியது. ஊரில் தெரிந்த இல்லத்துக்குப் போய், பிள்ளைகளைப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து வரும் பழைய முறை அதோடு ஒழிந்தது.

இன்று ஒரு தம்பதி பதிவுசெய்தால் முதலில் வருவது சமூகப் பணியாளர். வீட்டைப் பார்ப்பார், வருமானம் பார்ப்பார், மருத்துவச் சான்று கேட்பார், மாமியாரிடமும் நாலு வார்த்தை பேசுவார். கல்யாணமாகி இரண்டு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை வேண்டுமானால் கணவன் மனைவி வயதைக் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. தனியாக வாழும் பெண்ணுக்கு எந்தக் குழந்தையும் கிடைக்கலாம். தனி ஆணுக்குப் பெண்குழந்தை கிடையாது. மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் ராமேஸ்வரம் முகாமில் பிறந்த குழந்தையைக் கேட்டுப் போகும் மணமாகாத எழுத்தாளனை மறுத்துத் திருப்பியனுப்புவதும், அதற்காகவே அவன் கல்யாணம் செய்துகொள்வதும் நினைவிருக்கலாம். பிறகு காத்திருப்பு. சிறு குழந்தைக்கு மூன்று வருடம், அதற்கு மேலும் ஆகும். முறை வந்ததும் ஒரு படமும் மருத்துவ அறிக்கையும் திரையில் வரும். ஏற்பதா இல்லையா என்று சொல்ல 48 மணி நேரம். 2024–25-இல் நாடு முழுவதும் 4,515 குழந்தைகள் இப்படிக் குடும்பம் சேர்ந்தார்கள்.

குழந்தையின் பக்கத்திலும் ஒரு காத்திருப்பு நடக்கிறது. தமிழ் நாளிதழ்களின் உள்பக்கங்களில் தபால்தலை அளவு படத்தோடு வரும் அறிவிப்பைப் பலரும் கடந்துபோயிருப்பார்கள். இல்லம் வைத்த பெயர், உத்தேச வயது, கிடைத்த பேருந்து நிலையம் அல்லது மருத்துவமனை, உரிமை கோருவோர் அணுகவேண்டிய முகவரி. தாயே ஒப்படைத்திருந்தால் மனம் மாற 60 நாள் அவகாசம். கைவிடப்பட்ட குழந்தை இரண்டு வயதுக்குக் கீழ் என்றால் இரண்டு மாதம், மேல் என்றால் நான்கு மாதம், யாராவது தேடி வருகிறார்களா என்று பார்ப்பார்கள். ஒருவரும் வராதபோதுதான் குழந்தைகள் நலக் குழு, இந்தக் குழந்தை சட்டப்படி தத்துக்கு விடுவிக்கப்பட்டது என்று எழுதும். கொடுப்பதற்கு ஆளில்லை என்பதே ஒரு காலத்தில் தத்துக்குத் தடை. இன்று அதே இன்மைக்குச் சான்றிதழ் வாங்கினால்தான் தத்தே நடக்கும்.

கடைசி உத்தரவு நீண்டகாலம் நீதிமன்றத்தின் கையில் இருந்தது. தாமதம் அதிகம் என்ற காரணம் சொல்லி 2021-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2022 செப்டம்பர் 1 முதல் தத்து உத்தரவில் கையெழுத்திடுவது மாவட்ட ஆட்சியர். அந்தத் தாளைக் கொண்டுபோனால் வளர்ப்பவர் பெயரே பெற்றோராகப் பொறித்த பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் இனிஷியல் அதுதான்.

1868-இல் ஒரு தத்துப் பிள்ளையை, பிள்ளையே அல்ல என்று லண்டன் வரை போய் வாதாடித் தோற்றது மதுரை கலெக்டர். 1910-இல் ராமநாதபுரம் தனி மாவட்டமானது. இப்போது அங்கேயும் ஓர் ஆட்சியர் இருக்கிறார். மதுரையானாலும் ராமநாதபுரமானாலும், மனுக்களும் பட்டாக்களும் குவியும் அதே மேசையில், பெற்றவர் பெயர் எழுதாத ஒரு குழந்தையின் கோப்பு வந்து கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.